இடது முன்சக்கரத்துச் சத்தம்

என் அக்காவைக் கட்டிக்கொண்ட அன்றிலிருந்து எனக்கும் பாதி அண்ணனாகிப் போன சவேரி மச்சானுக்கு,

எல்லாத்தையும் நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். இதை முதல் வரியிலேயே எழுத விட்டால்தான் பேனாவைத் தொடுவேன் என்று உங்க மகள் ஜெசியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீங்க போனாலும் உங்க காடி போகாது என்று சொன்னேன். அக்கா அதை விற்க விடமாட்டாள் என்று சொன்னேன். அந்த இடது முன்சக்கரம் ஒரு நாள் நம் குடும்பத்தையே உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பண்ணும் என்றும் சொன்னேன். ஜெசி கல்யாணத்துக்கு முந்தின நாள், நீங்க அந்தச் சக்கரத்தை அவசர அவசரமாக மாட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று கோப்பி குடித்துக்கொண்டே, "மச்சான், இது ஒரு நாள் அழும்" என்றேன். ஏன் அழும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அழும் என்று மட்டும் தெரியும். அதுக்குப் பேர்தான் ஞானம்.

நீங்க என்ன சொன்னீங்க? "மைக்கலு, அந்த ஸ்பேனரை எடு." அவ்வளவுதான்.

ஞாயிறு பத்திரிகையில் நினைவஞ்சலிப் பக்கத்துக்கு நாலு வரி எழுதிக் கொடுங்க மாமா என்று உங்க மகள் கேட்டாள். நாலு வரியில் நான் என்றைக்கு நின்றிருக்கிறேன்? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பேச்சு நிற்கவில்லை. அந்தப் பேச்சுக்காகவே வாத்தியார் என்னை இன்னும் ரெண்டு வருசம் வைத்துக்கொள்ளப் பார்த்தார் என்று நான் சொல்லுவேன். ஃபெயில் ஆனதைச் சொல்ல அப்படி ஒரு வழி இருக்கிறது.

சரி, ஊர்ச் செய்தி. புக்கிட் ரோத்தானில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. செம்பனை லோரிகள் அதே மாதிரி காய் சிந்திக்கொண்டு போகின்றன. நீங்க முடி வெட்டிக்கொள்ளும் கடையில் இப்போது கைப்பேசி விற்கிறான். ஜெசி பத்தாங் காலியிலேயே வீடு வாங்கிவிட்டாள், மருமகனுக்கும் அங்கேயே வேலை. அம்மாவைக் கூடவே வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

மச்சான், அக்கா காடி ஓட்டுகிறாள்.

கேட்டீங்களா? உங்க பிலோ. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் கதவுக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லும் உங்க பிலோமினா. நீங்க போன அடுத்த மழைக்காலம் முடிந்ததும், தஞ்சோங் காராங்கில் ஒரு மலாய்க்கார அம்மாவிடம் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கி வந்துவிட்டாள். நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது அங்கே வந்து விசாரித்தால் நீங்களும் அப்படியே சொல்லுங்க.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பழைய தோட்டத்து ஆட்களை அவள்தான் ஏற்றிக்கொண்டு போகிறாள். நடக்க முடியாத பொம்பளைகள் மூணு பேர் பின்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் மதலேன் பாட்டிக்குக் காது மந்தம். அவளுக்கே அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. "பிலோ, உன் வண்டியும் நம்மகூட ஜெபமாலை சொல்லுதடி" என்றாளாம்.

அந்தச் சத்தத்தை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை, ஆனால் பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். வேகம் நாற்பதைத் தாண்டினால் ஆரம்பிக்கும். முதலில் தூரத்தில் யாரோ முனகுகிற மாதிரி. அறுபதில் ஒரே சீராக, அடித்தொண்டையில் இழுக்கும். நீங்க சவரம் பண்ணும்போது வார்த்தை இல்லாமல் ஒரு ராகம் இழுப்பீங்களே, அதே மாதிரி. நீங்க உயிரோடு இருந்த காலத்தில் சாலை முனையில் அந்தச் சத்தம் கேட்டால்தான் அக்கா அடுப்பில் டீத்தண்ணீர் வைப்பாள். நீங்களும் அதைச் சரி பண்ணவில்லை. "இருக்கட்டும்டா, அவளுக்கு நான் வர்றது தெரியுது" என்றீங்க. இது நீங்க சொன்னதுதான், நான் சேர்த்தது இல்லை.

அவள் முதல் தடவை தனியாக ஓட்டிக்கொண்டு தஞ்சோங் காராங் போன கதையைச் சொல்கிறேன். நீங்க வழக்கமாக நிற்கும் ரோட்டோரக் கடை பாக் மாட் தெரியும் இல்லையா? அவர் உள்ளே ஏதோ பொரித்துக்கொண்டிருந்திருக்கிறார். சத்தம் வந்தது. தலையைத் தூக்கவில்லை. கை தானாகப் போய் ஒரு தே ஓ ஊற்றியது, பால் விடாத டீ, சர்க்கரையும் போடாமல், உங்களுக்குப் போடுகிற மாதிரி. கொண்டுவந்து உங்க மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், காடிக் கதவைத் திறந்து இறங்குவது அக்கா.

பாக் மாட் மயங்கி விழுந்துவிட்டார் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். விழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் உட்கார்ந்த விதம் விழுந்த மாதிரிதான்.

அக்கா நேராக அந்த மேசைக்குப் போய், அந்தத் தே ஓவை எடுத்துக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். மச்சான், நாலு கரண்டி சர்க்கரை இல்லாமல் டீயைத் தொடாதவள் அவள். என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சந்தோசமாக இருந்தாள்.

அடுத்த வாரம் நானும் கூடப் போனேன். வயலுக்கு நடுவில் வாய்க்கால் ஓரமாகப் போகுமே அந்த ரோடு, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நெல்லு, தடுப்பு ஒன்றும் கிடையாது. அறுபது தொட்டதும் சத்தம் எழுந்தது. அக்கா சிரித்துக்கொண்டு, "சரி சரி, மெதுவாத்தான் போறேன்" என்றாள்.

"யாருகிட்ட பேசுற?" என்றேன்.

"உன்கிட்ட இல்ல."

எனக்கு முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி ஆகிவிட்டது. பயம் எல்லாம் இல்லை, நான் பயப்படுகிற ஆள் இல்லை என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன். சும்மா பார்த்தேன்.

வீட்டு வாசலில் இறங்கினதும் சக்கரத்தின் நடுவில் கையை வைத்தேன். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கலாம், ஓடின சக்கரம் அப்படித்தான். இது தோசைக்கல் மாதிரி சுட்டது. மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது. எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே பேரிங் சாகப் போகிறது. அது ஓடும்போது இறுகினால் சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் கழன்றே போகும். வாய்க்கால் ரோட்டில், பின்னால் மூணு பொம்பளைகளோடு, ஜெபமாலை சொல்லிக்கொண்டு.

ஜெசிக்குப் போன் பண்ணினேன்.

"மாமா, புதுசு வாங்கிப் போட்டா முடிஞ்சது லா. ஆன்லைன்ல ஆர்டர் பண்றேன், வந்துரும்."

"அதை உங்கம்மாகிட்ட சொல்லு."

"சொன்னேன் மாமா. உங்கப்பா கை படாத சாமான் இந்தக் காடியில ஏறக் கூடாதுன்னுட்டாங்க. சத்தத்தைத் தொட்டா சாவியை ஆத்துல வீசிருவேன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா அந்தக் காடியில பேசிக்கிட்டே வர்றாங்க மாமா. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அப்பாதான் போயாச்சு. அம்மாவுக்கு ஏதாவது ஆச்சு, உங்களைத்தான் கேப்பேன்" என்றாள்.

உங்க மகள் உங்களை மாதிரியே, மச்சான். மிரட்டுவதைக் கூட மெதுவாகத்தான் மிரட்டுவாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேச்சை எங்கே ஆரம்பித்தேன் என்றால், உலகத்தில் உள்ள எல்லா பேரிங்கையும் பற்றி ஆரம்பித்தேன்.

"அக்கா, அது முனகுறது மச்சான் இல்ல. இரும்பு."

"உனக்கு என்னடா தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? கிள்ளான்ல இருந்து ஆள் வந்து என்கிட்ட பேரிங்கைக் காட்டி யோசனை கேட்டுட்டுப் போறான்."

"அவன் வழி கேக்க வந்தவன்."

"வழியும் கேட்டான்."

"மைக்கலு, எல்லாரும் அவரு சட்டையை வச்சிக்க, செருப்பை வச்சிக்கன்னு சொல்றீங்க. சட்டை பேசுமா? எனக்கு மிச்சம் இருக்கிறது அந்தக் குரல் ஒண்ணுதான். அதையும் கிரீஸ் போட்டு அடைக்கணுமா உனக்கு?"

நீங்க இருந்தால் ஸ்பேனரை எடு என்று சொல்லியிருப்பீங்க. எனக்கு அந்த மாதிரி பேச வராது.

அப்போதுதான் ஆஸ்பத்திரி விசயத்தை எடுத்தேன். உங்க கடைசி வாரம். ஜன்னல் ஓரத்துக் கட்டில். நர்ஸ் மருந்து எடுக்க வெளியே போன நேரம், நீங்க என் கையைப் பிடித்தீங்க. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க வாங்க, "மைக்கலு, நான் போனப்புறம் பிலோ அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பா. அவகிட்ட நீதான் சொல்லணும். அந்தச் சத்தம்…"

இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மேலே பேச முடியவில்லை. அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா கீரையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, நிதானமாக, உங்க குரலில் அல்ல, ஆனால் நீங்க வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடுகிற அதே மாதிரி இடைவெளி விட்டுச் சொன்னாள்:

"'அது நான் இல்ல, பிலோ. உள் வளையம் ஒரு வண்டியோடது, கிண்ணம் வேற வண்டியோடது. ஒட்டாம அழுவுது. அதை நம்பிக்கிட்டு உக்காந்திருக்காத.' அப்படித்தானே சொன்னாரு?"

நான் தலையை ஆட்டினேன்.

"என்கிட்டயும் சொன்னாரு" என்றாள். எழுந்து கையைக் கழுவினாள். சாவியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "ஆனா புதுசு வேணாம். அவரு பொறுக்கி வச்சது பட்டறையில கிடக்கும். அதுல பாரு."

எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் காடியை உங்க பட்டறைக் கொட்டகையில் ஏற்றி ஜாக்கி போட்டேன். சக்கரத்தைக் கழற்றி, நடு மூடியைத் தட்டி எடுத்து, நட்டைப் பூட்டியிருந்த பின்னை உருவி, நட்டைத் திருகி, பேரிங்கை வெளியே இழுத்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அதில் ரெண்டு பாகம். சின்னச் சின்ன உருளைகள் பதித்த உள் வளையம் ஒன்று. அது உட்கார்ந்து சுழல ஒரு இரும்புக் கிண்ணம் ஒன்று. ரெண்டும் ஒன்றாக ஓடி ஒன்றாகத் தேய்ந்திருந்தால்தான் சத்தம் இல்லாமல் சுற்றும். பழைய காடிகளிலிருந்து பொறுக்குகிறவன் ரெண்டையும் பிரிக்கவே மாட்டான். இதை எனக்குச் சொன்னது நீங்க. நான் ஊரில் சொல்லும்போது நான் கண்டுபிடித்ததாகச் சொல்லுவேன்.

கிரீஸ் கருகிப் புளியங்கரைசல் மாதிரி ஆகியிருந்தது. மண்ணெண்ணெயில் அலசினேன். உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தது, சூட்டில் வெந்த நீலம். கிண்ணத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வளையத்தில் ஒரு கம்பெனி முத்திரை. கிண்ணத்தில் வேறு முத்திரை.

மச்சான், அதுவரைக்கும் எனக்கு அது தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அவசரத்தில் நீங்க பழைய கிண்ணத்தை எடுக்காமல், வேறொரு வண்டியின் வளையத்தை அதில் உட்கார வைத்துவிட்டீங்க. வேறு யாருக்கும் சொல்லவில்லை. தவறு செய்தால் நீங்க சொல்லுகிற ஆளும் இல்லை. பின்னால் நின்றிருந்த அக்கா, என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "சொன்னாருல்ல" என்றாள். அவ்வளவு சாதாரணமாக.

நல்ல வெயில் நேரம். என் கை மயிர் எல்லாம் நின்றது.

அப்புறம் உங்க மேசைக்கு அடியில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பத்தாங் காலிப் பக்கம் செத்த காடிகளை அடுக்கி வைத்திருப்பார்களே, அங்கே நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கிக்கொண்டு வருவீங்களே, அதெல்லாம் உள்ளே. ஒவ்வொன்றும் எண்ணெய்க் காகிதத்தில். இந்தச் சக்கரத்துக்கு ஏற்றது அடியில் இருந்தது. வளையமும் கிண்ணமும் பிரியக் கூடாது என்று கம்பியால் கட்டி வைத்திருந்தீங்க. கழுவி, கிரீஸ் அடைத்து, ரெடியாக. எப்போது எடுத்து வைத்தீங்க? ஏன் மாட்டவில்லை? அவள் டீத்தண்ணீர் வைக்கிற நேரம் தவறிவிடும் என்றா?

காகிதத்தைப் பிரித்தேன். கிரீஸ் பழுத்து இறுகியிருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

பெரிய விரல். குறுக்கே ஒரு கோடு. செம்பனை அறுவாள் வெட்டின தழும்பு. நேற்று அழுத்தின மாதிரி இருந்தது.

நான் பேசுவதை நிறுத்தினது என் வாழ்நாளில் ரெண்டு தடவை. அது ஒரு தடவை. அக்காவிடம் நீட்டினேன். "அக்கா, இதை இப்படியே வச்சிக்க. வேற பாக்கலாம். ஜெசி ஆர்டர் பண்ணட்டும்" என்றேன். நான் சொன்னது மனதாரத்தான். அதை நான் கழுவ மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேயைப் பிடிக்கச் சொல்லுங்க, பிடிக்கிறேன். அதைக் கழுவச் சொல்லாதீங்க.

அக்கா வாங்கிப் பார்த்தாள். தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். அவள் விரல் சின்னது, சுற்றி இடம் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். உங்களோடு என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது, உதடு அசைந்தது. பிறகு, "காஞ்ச கிரீஸோட மாட்டுனா திட்டுவாரு" என்று சொல்லி, மண்ணெண்ணெய் டப்பாவுக்குள் முக்கிவிட்டாள்.

பிரஷ் போட்டுத் தேய்த்தாள், மச்சான். சட்டி கழுவுகிற மாதிரி. துணியால் ஒற்றிக் காயவைத்தாள். மோதிரத்தைக் கழற்றி என்னிடம் பிடிக்கக் கொடுத்தாள். இடது உள்ளங்கையில் புது கிரீஸை அள்ளிக்கொண்டு, வளையத்தின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவில் கிரீஸ் புழு மாதிரி வெளியே வருகிற வரைக்கும் விடவில்லை. உங்களுக்குக் கோப்பி கொண்டுவந்து நின்றபோதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். நான் பழைய கிண்ணத்தைத் தட்டி எடுத்துவிட்டு, ஜோடிக் கிண்ணத்தை உள்ளே இறக்கினேன். சீல் மாற்றினேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, ஒரு துளி தளர்த்தி, பின்னை மாட்டினேன். அந்த ஒரு துளி எவ்வளவு என்று சொல்ல இந்த ஜில்லாவிலேயே ஆள் இல்லை. என்னைத் தவிர.

வெயில் தாழ ரெண்டு பேரும் வாய்க்கால் ரோட்டில் போனோம். நாற்பது. ஐம்பது. அறுபது. ஒன்றும் இல்லை. காற்றுச் சத்தம் மட்டும். அந்த ரோட்டில் இவ்வளவு கொக்கு இருக்கிறது என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்கா ஒரு தடவை வாயைத் திறந்தாள், "சரி" என்று ஆரம்பித்தாள், பிறகு மூடிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை, ரெண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது. தாடையில் இருந்து சொட்டியது. நான் அந்தப் பக்கமே பார்க்காமல் கொக்கைப் பார்த்தேன்.

பாக் மாட் கடையில் நிறுத்தினாள். நாங்கள் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினார். அக்காவைப் பார்த்தார். முதல் தடவையாக அவளிடம், "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"தே தாரே. பால், சர்க்கரை தூக்கலா" என்றாள் அக்கா.

அதோடு முடிந்தது என்று எழுதினால் ஜெசி சந்தோசப்படுவாள். முடியவில்லை, மச்சான். இப்போது எனக்குக் கேட்கிறது.

பொழுது சாயும் நேரம். கோழியை அடைத்துவிட்டு வாசலில் நிற்பேன். பெரிய ரோட்டிலிருந்து எங்கள் சாலைக்குத் திரும்புகிற வளைவில் அந்த முனகல். சீராக வரும். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து கொஞ்சம் மங்கும், மறுபடி எழும். எங்கள் வேலி ஓரம் வந்து நிற்கும். எட்டிப் பார்த்தால் ரோடு காலி. என் பொண்டாட்டியிடம் கேட்டால், "உங்க காதுல நீங்களே பேசிக்கிட்டு இருப்பீங்க" என்கிறாள். அக்கா காடி அவள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது, போன் பண்ணிக் கேட்டுவிட்டேன். ஏன் மச்சான் இங்கே வருகிறீங்க? அங்கே சத்தத்தை நிறுத்தினதுக்காகவா? இல்லை, என்னிடம் கேட்க வேண்டிய கணக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா?

எனக்குத் தெரியும் என்ன கேட்பீங்க என்று. அதனால்தான் கல்லறைத் திருநாள் அன்றைக்கு நான் உங்களுக்கு நேராக நிற்காமல் ஓரமாக நின்றேன். கல்லறையை வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, எல்லாரும் கூடியிருந்தோம். காற்று மெழுகுவர்த்தியைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. அக்கா பையிலிருந்து அந்த நீலம் பாய்ந்த வளையத்தை எடுத்து, உங்க தலைமாட்டில் வைத்து, அதன் ஓட்டைக்குள் மெழுகுவர்த்தியை நிறுத்தினாள். கச்சிதமாக நின்றது. சுடர் அசையவில்லை.

அப்புறம் எல்லாரையும் பார்த்து அக்கா சொன்னாள், உங்க கடைசி வார்த்தை அது என்று. "அது நான் இல்ல, அதை நம்பிக்கிட்டு உக்காந்திருக்காத." அதையே கல்லில் வெட்டப் போகிறாளாம். "மைக்கேல்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு" என்று என்னைக் காட்டினாள். ஜெசி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா உங்களை நம்பித்தான் சொல்லியிருக்காங்க மாமா" என்றாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே சொன்ன ரெண்டாவது தடவை அதுதான்.

கல் வெட்டுகிறவன் அடுத்த வாரம் வருகிறான். அதுக்கு முன்னால் இந்தப் பேப்பர் வந்துவிடும். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படிப்பாள்.

வாக்கு ஒன்று தருகிறேன், மச்சான். எனக்குக் குனிய முடிகிற வரைக்கும், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் அந்தக் காடியின் சக்கரங்களைக் கழற்றி, கழுவி, புது கிரீஸ் வைத்து, ஜோடி மாறாமல் மாட்டிக் கொடுப்பேன். அக்கா வாய்க்காலுக்குள் போக மாட்டாள். அவளாக வேண்டாம் என்கிற வரைக்கும் அவள் ஓட்டுவாள்.

வார்டில் நீங்க என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தீங்க. எழுப்ப மனசு வராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன். கையைப் பிடித்தது, மழை, நர்ஸ், எல்லாம் நான் போட்டது. அக்கா முன்னால் எனக்குத் தொண்டை அடைத்ததும் அழுகையால் இல்லை. "அந்தச் சத்தம்" வரைக்கும் வந்துவிட்டேன், அதுக்கு மேலே என்ன சொல்வது என்று எனக்குத் தோன்றவில்லை. மீதியைச் சொன்னது அவள். முத்திரை மாறியிருக்கும் என்று சக்கரத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே சொன்னது அவள்.

நீங்க அவளிடம் நிஜமாகவே சொன்னீங்களா? இல்லை, தம்பி பொய்யில் பாதி வழியில் நிற்கிறானே என்று அவளே கைகொடுத்து முடித்துவிட்டாளா? நானும் அவளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், மச்சான். அவள் சொன்னதில் எது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னது மட்டும் நான் இட்டுக்கட்டினது.

பிலோவின் தம்பி, ஜெசியின் தாய்மாமன்,
உங்கள் மைக்கேல்
புக்கிட் ரோத்தான்